சிரட்டைக் கருப்பட்டியும் சீனியும்

லெந்து நாள், அதான் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், வந்துட்டா எங்க வீட்ல கறி மீன் கிடையாது, சாயங்காலம் மணி அடிச்சா கோயிலுக்கு ஓட்டம், இதுல எல்லாம் ஒரு குறையும் வைக்கமாட்டோம். சொல்லப்போனா இதெல்லாம் எனக்கு ஈசி. மாட்டுனது கருப்பட்டியில.

நான் பாளையங்கோட்டைல வீட்ல இருந்துகிட்டே வாட்ஸப்ல கருப்பட்டி விக்கேன். பெரிய யாவாரம் ஒண்ணுமில்ல, மாசம் நாலஞ்சு சிப்பம் போகும். உடன்குடி கருப்பட்டிக்கு புவிசார் குறியீடு கிடைச்சப்பறம் மெட்ராஸ், பெங்களூர்னு கேக்கிற ஆளு கூடிட்டாக. இந்த தடவ வழக்கமா தாரவருகிட்ட சரக்கு இல்ல, வேற ஒருத்தர்கிட்ட வாங்கினேன், கிலோவுக்கு நூறு ரூவா கம்மி. அப்பவே யோசிச்சிருக்கணும், யோசிக்கல, யோசிக்க இஷ்டமில்லன்னு வச்சுக்கோங்களேன்.

அஞ்சு கிலோ மெட்ராஸ்ல ஒரு அக்காவுக்கு பார்சல் போட்டாச்சு. மறுநாள் காப்பிக்குன்னு ஒண்ண உடைக்கேன், உள்ள மினுமினுன்னு மின்னுது. நல்ல கருப்பட்டி உடைச்சா மின்னாது, மங்கலா மண்ணு மாதிரி இருக்கும், வாயில போட்டா சுண்ணாம்பு தடவுன கலயத்துல எறக்குன பதனியோட லேசான கரிப்பு நாக்குல நிக்கும். இது வெறும் இனிப்பு. சீனியப் போட்டுக் காய்ச்சி சிரட்டைல ஊத்திருக்காவ.

எங்க வீட்டுக்காரவுககிட்ட சொன்னா, "நாமளா கலந்தோம்? வாங்கினத வித்தோம், அவ்வளவுதான" ன்னுட்டாக. அதுவும் சரிதானன்னு ஒரு அரைநாள் சும்மாதான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா எங்க ஆச்சி ஞாபகம் வந்துட்டு. மெஞ்ஞானபுரம் பக்கம் எங்க ஆச்சி ஊரு, அந்த 192 அடி சர்ச் கோபுரம் தூரத்துல இருந்தே தெரியும். ஆச்சி தினம் உலை வைக்கிறதுக்கு முன்னாடி அரிசில ஒரு பிடி எடுத்து தனி டப்பால போடுவா, ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போகும், கைப்பிடி அரிசி காணிக்கை. ஒரு தடவ நான் சின்னப்பிள்ள, பக்கத்து வீட்டுக்கு கடன் வாங்கின அரிசிய திருப்பிக் கொடுக்கப் போனேன், உழக்க தலை தட்டி அளந்தேன். ஆச்சி பாத்துட்டு, "ஏட்டி, கும்பமா வாங்கிட்டு தலை தட்டி குடுக்கியோ? அந்தப் பிடி அரிசி எதுக்கு அப்பறம்?" ன்னு சொல்லி திரும்ப அளக்க வச்சா. ஓய்வுநாள் பள்ளில "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" ன்னு நீதிமொழிகள் 11:1 ஒப்பிச்சு நான் பரிசெல்லாம் வாங்கிருக்கேன், ஆனா வசனத்த விட அந்த உழக்குதான் மனசுல நிக்கி.

சரின்னு சாயங்காலம் அந்த அக்காவுக்கு போன் போட்டேன். ஜெபம் பண்ணிட்டுதான் போட்டேன், இருந்தும் கை நடுங்குச்சு. "அக்கா, நேத்து அனுப்புனது சுத்தமானது இல்ல, சீனி கலந்திருக்கு, எனக்கு இன்னைக்குதான் தெரிஞ்சுது, பணத்த திருப்பி அனுப்புதேன்." நான் ஏதோ பாராட்டுவாவன்னு நெனச்சேன் போல. நல்லா ஏசினாவ. அவுக அப்பாவுக்கு சுகர், கருப்பட்டி காப்பிதான் குடிக்காராம். (சுத்தமான கருப்பட்டியும் சுகருக்கு ஆகாதுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, அந்த நேரத்துல எப்படி சொல்ல, மறுநாள் மெசேஜ்ல சொன்னேன்.) பணம் அனுப்பினேன், கொரியர் காசும் சேத்து நஷ்டம்.

மிச்சம் ரெண்டு சிப்பம் கெடந்துச்சு. "சீனி கலந்தது, விலை கம்மி"ன்னே ஸ்டேட்டஸ் போட்டேன், ரெண்டே நாள்ல காலி, நல்ல சரக்கு கூட இவ்வளவு வேகமா போனதில்ல! சிரிக்கவா அழவா தெரியல.

போன வாரம் அந்த அக்காகிட்ட இருந்து மெசேஜ். ஒரு கிலோ மட்டும் வேணுமாம், ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி உடைச்சு வீடியோ எடுத்து அனுப்பணுமாம். பழைய ஆளுகிட்டயே வாங்கி, எங்க வீட்டுக்காரவுக டார்ச் பிடிக்க நான் அம்மிக்குழவியால உடைச்சு எடுத்து அனுப்பினேன், மின்னல.