மெசலசின் வந்த வழி

எனக்குப் பெருங்குடல் புண் அழற்சி. தினமும் விழுங்கும் மெசலசின் மாத்திரைக்காக நான் மனதார நன்றி சொல்லும் ஒருவர், வங்காளதேச மருத்துவர் ஆசாத் கான்.

அவர் ஆக்ஸ்போர்டில் ட்ரூலவ் என்ற மருத்துவரின் குழுவில் ஆய்வு செய்த காலத்தில் இந்த நோய்க்கு முக்கிய மருந்து சல்பாசலசின். ஸ்வீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்காக உருவாக்கியது. சல்பாபிரிடின், அமினோசாலிசிலிக் அமிலம் (இதுதான் இன்றைய மெசலசின்) என்ற இரண்டு பொருள்களை இணைத்த மருந்து. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள்தான் அந்தப் பிணைப்பை உடைக்கின்றன. சரி, உடைந்ததில் வேலை செய்வது எந்தப் பாதி?

தனித்தனியாக விழுங்கினால் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் எனிமாவாகக் கொடுத்தார்கள்: ஒரு குழுவுக்கு முழு மருந்து, மற்ற இரண்டுக்கு ஆளுக்கொரு பாதி. 1977இல் முடிவு வெளிவந்தது. அமினோசாலிசிலிக் அமிலம் பெற்றவர்கள் முழு மருந்து பெற்றவர்களைப் போலவே தேறினார்கள். சல்பாபிரிடின் அவ்வளவாக உதவவில்லை. தலைவலி, குமட்டலுக்குப் பெரும்பாலும் காரணமும் அந்தச் சல்பா பாதிதான். இவ்வளவு நேரான கேள்வியும் இவ்வளவு எளிய சோதனையும் அமைவது அபூர்வம்.

அப்புறம்தான் சல்பா இல்லாத மாத்திரைகள் வந்தன. புதிதாக நோய் கண்டவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: மலத்தில் ரத்தம் வருவது நின்றுவிட்டது என்று மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.