கடைக்குப் போக டிரெய்லர் எதற்கு?

நேற்று ஒரு பழைய கார் பார்க்கப் போனேன். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. "குடும்ப வண்டி சார், கடைக்குப் போக வர மட்டும்தான்" என்றார் விற்பவர். சரி என்று குனிந்து, பின் பம்பருக்கு அடியில் டார்ச் அடித்தேன். சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இரண்டு பக்கமும் டிரெய்லர் இழுக்கும் கொக்கியின் போல்ட் கழற்றிய ஓட்டைகள், சுற்றிலும் துரு. டிரெய்லர் விளக்குக்கான ஒயர் டேப் சுற்றித் தொங்கியது.

இழுவைக்குப் போன வண்டியெல்லாம் மோசம் என்றில்லை. எப்போதாவது சின்னப் படகை இழுத்திருந்தால் பரவாயில்லை. ஆனால் இது ஆட்டோமேட்டிக். பாரம் இழுத்தால் கியர்பாக்ஸ் எண்ணெய் சூடேறிக் கெட்டுவிடும். கியர்பாக்ஸ் எண்ணெயைப் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கரும்பழுப்பாக, தீய்ந்த வாடையோடு இருந்தது.

எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். சரியாக அப்போதுதான் அவருக்கு போன் வந்தது.