கையொப்பத்துக்கு மேல் ஒரு வரி

2024 ஜனவரி 2, செவ்வாய், மன்னார்

27 ஆண்டுகளுக்கு முன் இதே தேதியிட்டு வத்திக்கானில் ஓர் அறிவிப்பு எழுதப்பட்டது. பின்னாளில் பாப்பரசரான கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்திட்டது. இலங்கைக் குரு திஸ்ஸ பாலசூரிய கத்தோலிக்க விசுவாசத்திலிருந்து விலகிவிட்டார், ஆகவே அவர் திருச்சபைக்குப் புறம்பானவர் என்றது அது. அவருக்கு அப்போது 72 வயது. 1945இல் அமலமரித் தியாகிகள் என்ற துறவற சபையில் சேர்ந்த மனிதர். இனிப் பூசை ஒப்புக்கொடுக்கக் கூடாது, நற்கருணை வாங்கவும் கூடாது.

அந்த நாட்களில் நாங்கள் போருக்குத் தப்பி, மாதாவின் திருத்தலமான மடுக் கோயில் வளவில் அகதிகளாக இருந்தோம். எனக்கு 11 வயது. மாலையானால் மரத்தடியில் செபமாலை. ஒரு குருவை மாதாவைப் பற்றி எழுதியதற்காக விலக்கிவிட்டார்கள் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். மாதாவின் காலடியில் கூடாரம் போட்டிருந்தவர்கள் நாங்கள்தானே.

ஜனவரி 4, வியாழன்

அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கி இரண்டாம் முறையாக வாசிக்கிறேன். மரியாளும் மனித விடுதலையும். 1990இல் ஆங்கிலத்தில் வந்தது. அடக்கமும் பணிவும் மட்டுமே உருவான மாதாவை வழிபாடும் பாட்டுகளும் நமக்குப் பழக்கிவிட்டன என்கிறார். லூக்கா எழுதிய மரியாளோ வலியவர்கள் அரியணையிலிருந்து தள்ளப்படுவதையும் பசித்தவர்கள் நிறைவதையும் பாடியவள். மத்தேயு எழுதிய மரியாள் பிள்ளையோடு எகிப்துக்கு ஓடியவள்.

கோபம் கிளம்பியது இதனால் மட்டும் இல்லை. பிறந்த குழந்தை ஒவ்வொன்றும் பாவத்தோடு பிறக்கிறது என்ற ஜென்மப் பாவக் கோட்பாட்டை அவர் கேள்வி கேட்டார். பௌத்தர்களும் இந்துக்களும் முஸ்லிம்களும் நிறைந்த நாட்டில் வாழும் குருவுக்கு அந்தக் கேள்வி வராமல் இருக்குமா? பக்கத்து வீட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறவனுக்கு வரும் கேள்வி அது.

எங்கள் வீட்டு மடு மாதா படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு இடம்பெயர்விலும் அம்மா உரப்பையில் சுற்றி எடுத்துப்போன படம். கீழ் ஓரத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர்க் கறை. மாதாவின் பாதம் தெரியாது. கண்ணாடி மாற்றலாம் என்றால் அம்மா விடுவதில்லை. "அவளும் எங்களோடு நடந்தவள், இருக்கட்டும்" என்பாள். 2008 ஏப்ரலில் சண்டைக்குள்ளிருந்து மடு மாதாவின் திருச்சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்ததே! பாலசூரிய எழுதிய மரியாளை அம்மாவுக்குப் புத்தகம் இல்லாமலே தெரியும்.

ஜனவரி 7, ஞாயிறு

மறைப்பள்ளியில் ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், மாதா இயேசுவைப் பெற்றவர். பிறகு ஏன் பெண்கள் பூசை வைக்க முடியாது?" வகுப்பு என்னையே பார்த்தது. திருச்சபையின் போதனையைச் சொன்னேன். என் குரலில் பலமில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பாலசூரியவுக்கு வந்த தாளிலும் இந்த விடயம் இருந்தது. முதலில் 1994இல் இலங்கை ஆயர்கள் புத்தகத்தில் பிழை கண்டார்கள். பின்னர் உரோமிலிருந்து குற்றச்சாட்டுகள் வந்தன. 55 பக்கத்தில் பதில் எழுதினார், திருப்தியில்லை என்றார்கள். 1995 நவம்பரில் அவருக்கென்றே எழுதிய விசுவாச அறிக்கை ஒன்று வந்தது. பெண்களுக்குக் குருத்துவம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்ற வாசகம் அதில் இருந்தது.

அதில் அவர் கையெழுத்திடவில்லை. பாப்பரசர் ஆறாம் பவுல் 1968இல் வெளியிட்ட விசுவாச அறிக்கையில் கையெழுத்திட்டு, ஒரு வரி சேர்த்தார். 1962 முதல் 1965 வரை ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்திய இறையியல் வளர்ச்சியையும், தேடுகிறவர்களின் சுதந்திரத்தையும் பொறுப்பையும் மனதில் கொண்டு ஒப்பமிடுவதாக. அவ்வளவுதான். ஒரு பாப்பரசரின் விசுவாச அறிக்கையை முழுவதுமாக ஏற்ற மனிதரை அந்த ஒரு வரி வெளியே நிறுத்தியது.

கோட்பாட்டைக் காப்பது ஆயர்களின் கடமை, அதை நான் மறுக்கவில்லை. 1988இல் பிரெஞ்சுப் பேராயர் லெபெவ்ர் உரோமின் தடையை மீறி நான்கு ஆயர்களை அபிஷேகம் செய்து விலக்கப்பட்டார். அது கண்முன் நடந்த பிளவு. இங்கே யார் பிளந்தார்கள்? ஒரு கிழவர் எழுதினார், கேட்டதற்குப் பதில் சொன்னார், மீண்டும் எழுதினார்.

ஜனவரி 8, திங்கள்

அந்தப் பிள்ளையின் கேள்வியை இனி வகுப்பில் தொடர வேண்டாம் என்று மூத்தவர் ஒருவர் அன்பாகவே சொன்னார். இரவு தூக்கம் வரவில்லை.

ஜனவரி 15, திங்கள், தைப்பொங்கல்

கோயில் முற்றத்திலும் பொங்கினோம். 1998இல் இதே தேதியில்தான் விலக்கு நீங்கியது. ஓராண்டும் 13 நாட்களும் அவர் வெளியே நின்றிருந்தார். பேராயர் நிக்கலஸ் மார்க்கஸ் பெர்னாண்டோ முன்னிலையில் கொழும்பில் ஒப்புரவு. அதே ஆறாம் பவுலின் அறிக்கை. இம்முறை அந்த வரி இல்லை. தன் எழுத்தில் பிழைகள் இருப்பதாகக் காணப்பட்டதற்கு வருந்துவதாகச் சொன்னார். இனி எழுதுவதை ஆயர்களின் அனுமதிக்கு அனுப்பவும் இணங்கினார்.

"காணப்பட்டதற்கு" என்ற சொல்லிலேயே நான் நிற்கிறேன். பிழை செய்தேன் என்று அவர் எழுதவில்லை. பணிந்துவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். 73 வயதில் பலிபீடத்துக்குத் திரும்ப ஏங்கிய குருவை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஜனவரி 17, புதன்

அவர் இறந்த நாள். 2013. நேற்றே பங்கு அலுவலகத்துக்குப் போய்ப் பூசைக் கருத்துக்குப் பெயர் கொடுத்தேன். பதிவேட்டில் எழுதிய தம்பி பேனையை நிறுத்தினார்.

"சிங்களப் பெயர். உங்களுக்கு என்ன உறவு அக்கா?"

"குரு" என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

இன்று காலைப் பூசையில் வழக்கமான பெயர்களுக்கு நடுவே அதுவும் வந்தது: அருட்தந்தை திஸ்ஸ பாலசூரியவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. பலிபீடத்திலிருந்து, ஒலிவாங்கியில், தெளிவாக. அம்மா என் பக்கம் குனிந்து, "மாதாவைப் பற்றி எழுதிய சுவாமியா?" என்று கேட்டாள். தலையசைத்தேன். அவள் செபமாலையை மற்றக் கைக்கு மாற்றி, எல்லோருக்கும் கேட்கும்படி ஆமென் சொன்னாள்.