அறுபதில் குவிந்த பெயர்கள்

என் முதல் மதிப்பீட்டு அறிக்கை 12 பக்கம். வேலையில்லாதோருக்கான தொழிற்பயிற்சித் திட்டம் ஒன்றால் பயன் உண்டா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பயிற்சியில் சேர்வதற்கு முந்தைய மாத வருமானத்தையும், முடித்து ஓராண்டு ஆன பிறகு கிடைத்த வருமானத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நல்ல உயர்வு தெரிந்தது. திட்டம் பெரும் வெற்றி என்று எழுதி முடித்தேன்.

என் மேலதிகாரி அதை முழுதாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவர்கள் பயிற்சிக்குப் போகாமலே இருந்திருந்தால் இன்றைக்கு எவ்வளவு சம்பாதித்துக்கொண்டிருப்பார்கள்?" எனக்குப் பதில் வரவில்லை. "முந்தைய இரண்டு ஆண்டு வருமானத்தையும் மாதவாரியாகக் கோடு போட்டுப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று மாலையே போட்டேன். கோடு நெடுந்தூரம் சமமாக வந்தது. பயிற்சிக்கு ஐந்தாறு மாதம் இருக்கும்போது சரியத் தொடங்கியது. சேரும் மாதத்தில் அடிமட்டத்தில் கிடந்தது. அதன் பிறகு ஏறி, பழைய உயரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வேலை போனதால்தான் அவர்கள் பயிற்சிக்கே வந்திருக்கிறார்கள். பள்ளத்தில் விழுந்தவர்களில் பலர் எப்படியும் எழுந்திருப்பார்கள். அந்த எழுச்சி முழுவதையும் நான் திட்டத்தின் கணக்கில் வரவு வைத்திருந்தேன். இந்தச் சரிவை ஆர்லி ஆஷன்ஃபெல்டர் என்ற பொருளாதார அறிஞர் 1978-லேயே கவனித்து எழுதியிருக்கிறார். அதனால் அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. படித்திருந்தால் அந்த 12 பக்கத்தை எழுதியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் பொருளாதாரக் கேள்விகளுக்குத் தரவிலிருந்து விடை தேடும் பொருளாதார அளவியலை முறையாகக் கற்க உட்கார்ந்தேன். முதலில் என்னை உலுக்கியது 1986-இல் ராபர்ட் லாலோண்ட் வெளியிட்ட ஆய்வு. 1970-களில் அமெரிக்காவில் ஒரு வேலைவாய்ப்புத் திட்டத்துக்கு ஆட்களைக் குலுக்கல் போலத் தற்செயலாகப் பிரித்திருந்தார்கள். அந்தப் பிரிவினையின்படி ஆண்களுக்கு ஆண்டு வருமானம் ஏறத்தாழ 900 டாலர் கூடியிருந்தது. லாலோண்ட், திட்டத்தில் சேர்க்கப்படாமல் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த அந்தக் கட்டுப்பாட்டுக் குழுவை எடுத்துவிட்டு, நாடு தழுவிய கணக்கெடுப்பிலிருந்து ஆட்களை எடுத்து அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு எளிய ஒப்பீட்டில் பயிற்சி பெற்றவர்கள் 15 ஆயிரம் டாலருக்கும் மேல் பின்தங்கியிருந்தார்கள். சூத்திரங்களை மாற்ற மாற்ற விடையும் மாறிக்கொண்டே போனது. திட்டமும் பயிற்சி பெற்ற ஆட்களும் மாறவே இல்லை. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறியதற்கே இத்தனை தூரம். அந்த அட்டவணைகளை அன்று இரவு மூன்று முறை திரும்பிப் பார்த்தேன்.

ஒப்பிடத் தகுந்தவர்களை எங்கே தேடுவது? பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் செய்ததைப் படித்தபோது ஒரு வழி கிடைத்தது. நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்துப் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரண்டு பக்கமுமாக 410 துரித உணவகங்களில், உயர்வுக்கு முன்னும் பின்னும் வேலையாட்களின் எண்ணிக்கையைக் கேட்டுப் பதிந்தார்கள். ஒரு பக்கத்து மாற்றத்திலிருந்து மறுபக்கத்து மாற்றத்தைக் கழித்தால், இரண்டுக்கும் பொதுவான ஏற்ற இறக்கம் நீங்கிவிடுகிறது. கூலி உயர்ந்ததால் ஆட்குறைப்பு நடந்ததாக அவர்கள் காணவில்லை. 1994-இல் வெளியான அந்த முடிவைச் சுற்றிப் பல ஆண்டுகள் சர்ச்சை நடந்தது. 2021-இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. க்ரூகர் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே காலமாகிவிட்டார் என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

வேறுபாடுகளின் வேறுபாடு என்னும் அந்த முறையின் எளிமையில் மயங்கி, கைக்கு வந்த திட்டத்துக்கெல்லாம் அதையே பயன்படுத்தினேன். பெர்ட்ராண்ட், டஃப்லோ, முல்லைநாதன் மூவரும் 2004-இல் எழுதியதுதான் என்னை நிதானப்படுத்தியது. இல்லாத சட்டங்களைக் கற்பனையாக மாநிலங்களுக்கு ஒதுக்கி, அவற்றுக்கு விளைவு இருந்ததா என்று பார்த்தார்கள். நூற்றுக்கு ஐந்து முறைக்கு மேல் தவறக் கூடாத சோதனை, நூற்றுக்கு நாற்பத்தைந்து முறை வரை விளைவு இருப்பதாகச் சொன்னது. ஒரே மாநிலத்தின் அடுத்தடுத்த ஆண்டுகளை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போல எண்ணியதுதான் கோளாறு. எங்கள் தரவிலும் திட்டம் இரண்டு ஆண்டு முன்பே தொடங்கியதாக ஒரு பொய்த் தேதி வைத்துப் பார்த்தேன். விளைவு 'தெரிந்தது'! பழைய கோப்புகள் சிலவற்றை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று.

ஆனால் எனக்கு உண்மையில் பாடம் நடத்தியவர் ஒரு எழுத்தர்.

இன்னொரு பயிற்சித் திட்டத்தில் விண்ணப்பதாரர்களுக்குப் புள்ளி போட்டு, 60-ம் அதற்கு மேலும் பெற்றவர்களைச் சேர்த்திருந்தார்கள். 59 வாங்கியவருக்கும் 60 வாங்கியவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்க முடியாது, ஆனால் ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே. கல்வி உதவி பற்றிய ஆய்வில் திஸில்த்வைட், கேம்பெல் இருவரும் 1960-இலேயே காட்டிய வழி இது. கட்-ஆஃப் கோட்டில் வருமானம் அழகாகத் துள்ளியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு சரிபார்ப்புக்காக ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கம்பி வரைபடம் போட்டேன். 55, 56, 57 வரை கம்பிகள் சீராக வந்தன. 58-லும் 59-லும் கிட்டத்தட்ட யாருமே இல்லை. 60-இல் ஒரு கோபுரம் நின்றது.

படிவங்களை நிரப்பிய அலுவலகத்துக்குப் போனேன். ஓய்வுபெறும் வயதில் இருந்த எழுத்தர் வரைபடத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒளிக்கவில்லை. "குடும்ப நிலைமை என்ற கட்டத்துக்கு மட்டும் நாங்களே புள்ளி போட வேண்டும் சார். ஒரு புள்ளியில் திரும்பிப் போகிறவரைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது?" என்றார்.

எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை. ஆனால் என் ஒப்பீடு அங்கேயே உடைந்துவிட்டது. அவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டவர்கள் ஏனோதானோவென்று வந்தவர்கள் அல்லர். திரும்பத் திரும்ப வந்து கேட்டவர்கள், துடிப்பு தெரிந்தவர்கள், நிலைமையை எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்கள். பயிற்சி இல்லாவிட்டாலும் அவர்களில் பலர் முன்னேறியிருக்கலாம். கோட்டில் நான் கண்ட துள்ளலில் எது பயிற்சி, எது அவர்களின் துடிப்பு என்று பிரிக்க எந்த மென்பொருளாலும் ஆகாது.

எழுந்து கிளம்பும்போது அவராகவே சொன்னார்: "ஒரு வருடம் புள்ளியே போடவில்லை சார். கூட்டம் அதிகம், நேரம் இல்லை. குலுக்கிப் போட்டுவிட்டோம்." அலமாரியைத் திறந்து நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துத் தந்தார். வரிசையாகப் பெயர்கள், சில பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் டிக் குறி. என் தரவுத் தளத்தில் இப்படி ஒரு ஆண்டு நடந்ததற்கான சுவடே இல்லை.

குலுக்கலில் வென்றும் சிலர் வரவில்லை. தோற்றும் சிலர் வேறு இடத்தில் பயிற்சி பெற்றிருந்தார்கள். வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டால் மறுபடி பழைய குழியில்தான் விழுவோம். எனவே வென்ற எல்லோரையும் தோற்ற எல்லோரையும் ஒப்பிட்டு, அந்த வருமான வேறுபாட்டை இரு தரப்பிலும் பயிற்சி பெற்றவர்களின் விகித வேறுபாட்டால் வகுத்தோம். வியட்நாம் போருக்கு ஆள் எடுத்த குலுக்கலை ஜோஷுவா ஆங்ரிஸ்ட் 1990-இல் இப்படித்தான் பயன்படுத்தினார். இதில் கிடைப்பது யாருடைய விளைவு என்பதை 1994-இல் அவரும் கீடோ இம்பென்ஸும் தெளிவுபடுத்தினார்கள். குலுக்கல் வாய்த்ததால் மட்டுமே பயிற்சிக்கு வந்தவர்களுடைய விளைவு அது. எல்லோருக்கும் பொருந்தும் எண் அல்ல.

எங்களுக்குக் கிடைத்த விடை, கோட்டில் கண்ட துள்ளலைவிட மிகச் சிறியது. இரண்டாம் ஆண்டில் கொஞ்சம் உயர்வு, அதைச் சுற்றிலும் அகலமான ஐயம். அறிக்கையில் அப்படியே எழுதினேன். 'வெற்றி' என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது எழுத்தரிடம் முடிவைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அது குலுக்கலில் வந்தவர்களுக்கு. நான் 60 போட்டு அனுப்பினேனே, அவர்களுக்குப் பயன் இருந்ததா சார்?" என்று கேட்டார்.

"அதை இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது, ஐயா" என்றேன். அவர் சற்று நேரம் நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அதை அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்துப் பூட்டினார்.