டெர்வால்: வூர்சலனில் பிறந்தவர், இஸ்தான்புல்லில் பெரியவர்

ஜெர்மன் கால்பந்துப் பயிற்சியாளர் யூப் டெர்வால் பெயரை எடுத்தாலே என் அலுவலக நண்பர் முகத்தைச் சுளிப்பார். எனக்கு முடி வெட்டும் சலூன்காரரிடம் அதே பெயரைச் சொன்னால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார். நண்பர் ஜெர்மானியர், அலெமானியா ஆகன் அணிக்கு சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். சலூன்காரர் துருக்கியர், இஸ்தான்புல்லின் கலாத்தசராய் அணி என்றால் உயிர். நான் குடியிருப்பது ஆகனை ஒட்டிய வூர்சலனில். ஆகனில் வாடகை கட்டுப்படியாகாமல் வந்து சேர்ந்த இடம். 1927இல் டெர்வால் பிறந்தது இங்கேதான் என்று தெரிந்ததும் சும்மா இருக்க முடியவில்லை, தேடித் தேடிப் படித்தேன்.

முன்களத்தில் ஆடியவர். ஊர் அணியில் தொடங்கி அலெமானியாவுக்குப் போய், அப்புறம் ஃபோர்டுனா டுசல்டார்ஃபில் ஆடினார். கோல் அடிக்கத் தெரிந்தவருக்குக் கோப்பை ராசி மட்டும் அமையவில்லை. 1953 ஜெர்மன் கோப்பை இறுதியில் ஆகனுக்காக அவர் ஒரு கோல் போட்டார். எதிரில் ராட்-வைஸ் எஸ்ஸன். அந்த அணியில் ஹெல்முட் ரான் இருந்தார், அடுத்த வருடம் பெர்ன் நகரில் ஜெர்மனிக்கு உலகக் கோப்பையை வாங்கிக் கொடுக்கப்போகிற அதே ரான். அவரும் ஒன்று அடிக்க, எஸ்ஸன் 2-1 என்று ஜெயித்தது. டுசல்டார்ஃபுக்கு மாறிய பிறகு 1957இல் பயர்னிடம் 0-1, 1958இல் ஸ்டுட்கார்ட்டிடம் 3-4. மூன்று இறுதிப் போட்டி, மூன்றிலும் தோல்வி.

தேசிய அணிக்கு இரண்டே ஆட்டம், இரண்டும் 1954 டிசம்பரில். உலகக் கோப்பை ஜெயித்த வீரர்கள் பலர் மஞ்சள் காமாலையிலும் காயத்திலும் படுத்துவிட, வெம்ப்ளியில் இங்கிலாந்தை எதிர்க்கப் புது ஆட்களைத் தேடினார் தேசியப் பயிற்சியாளர் ஹெர்பெர்கர். அப்படிக் கிடைத்த வாய்ப்பு. அன்றைக்கு 1-3 என்று தோற்றார்கள். பக்கத்தில் ஆடிய பதினெட்டு வயதுப் பையன் ஊவே ஸேலர் பிறகு ஜெர்மனியின் செல்லப்பிள்ளையானார். டெர்வாலுக்கு அந்த மாதத்தோடு சரி.

ஸ்விட்சர்லாந்து அணிகளில் பயிற்சியாளர் வேலையைப் பழகிக்கொண்டு, 1970 முதல் தேசியப் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோனுக்கு உதவியாளராக எட்டு வருடம் ஓட்டினார். 1978இல் ஷோனின் நாற்காலி அவருக்கு வந்தது. தொடக்கம் பிரமாதம். முதல் 23 ஆட்டங்களில் தோல்வியே கிடையாது. நடுவில் 1980 யூரோ கோப்பையும் வந்தது. கிளாவுஸ் ஃபிஷர் கால் உடைந்து கிடந்ததால் அணிக்குள் வந்த ஹோர்ஸ்ட் ஹ்ரூபெஷ், ரோமில் பெல்ஜியத்துக்கு எதிராக இரண்டு கோல் போட்டார்.

பிறகு 1982 உலகக் கோப்பை. என் நண்பர் முகம் சுளிப்பது இதற்குத்தான். முதல் ஆட்டத்தில் அல்ஜீரியாவிடம் 1-2. பிரிவின் கடைசி ஆட்டம் ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் ஆஸ்திரியாவோடு. அல்ஜீரியா முந்தின நாளே தன் ஆட்டத்தை முடித்துவிட்டதால் கணக்கு எல்லோருக்கும் தெரியும்: ஜெர்மனி ஒரு கோலிலோ இரண்டு கோலிலோ ஜெயித்தால் இரண்டு அணிகளுக்கும் அடுத்த சுற்று. பத்தாவது நிமிடத்தில் ஹ்ரூபெஷ் அடித்தார். மீதி ஆட்டத்தை யூடியூபில் முழுசாகப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. பந்தைப் பின்னாலேயே தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்திரிய வர்ணனையாளர், டிவியை அணைத்துவிடுங்கள் என்று நேயர்களிடமே சொன்னாராம். அந்தக் கூத்துக்குப் பிறகுதான் பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கும் வழக்கம் வந்தது. அரையிறுதியில் பிரான்ஸின் பாட்டிஸ்டோனை கோல்கீப்பர் ஷூமாகர் மோதிச் சாய்த்தது இன்னொரு கறை. நடுவர் ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை.

ஆனால் செவில்லே நகரில் நடந்த அதே அரையிறுதியில், காயத்தோடிருந்த முன்கள வீரர் ரும்மெனிகேவைக் கூடுதல் நேரத்தில் இறக்கியவரும் டெர்வால்தான். 1-3 என்று இருந்த ஆட்டம் 3-3 ஆகி, பெனால்டியில் கைக்கு வந்தது. இறுதியில் இத்தாலியிடம் தோற்றாலும் இரண்டாம் இடம். அதைப் பாராட்ட அப்போது யாருக்கும் மனசு வரவில்லை. இவர் சாது, வீரர்களைத் தம் போக்கில் விடுகிறவர் என்ற பேச்சு வலுத்தது. எனக்கும் அதில் பாதி நியாயம் தெரிகிறது. பயிற்சி முகாமில் சீட்டாட்டமும் குடியும் நடந்தது ஊருக்கே தெரிந்த கதை. 1984 யூரோவில் ஸ்பெயினின் மசேதா கடைசி நிமிடத்தில் தலையால் முட்டி ஒரு கோல் போட, ஜெர்மனி முதல் சுற்றோடு வெளியே. டெர்வாலும் வெளியே. பயிற்சியாளர் உரிமமே இல்லாத பெக்கன்பவர் உள்ளே.

அந்த வருடமே டெர்வால் கலாத்தசராய்க்குப் போனார். ஐரோப்பிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர், அன்றைய துருக்கிக் கால்பந்துக்கு இறங்கிப் போகிறார் என்றுதான் ஜெர்மனியில் நினைத்திருப்பார்கள். சலூன்காரருக்கு அப்போது பள்ளிக்கூட வயது. மண் தரையில் ஓடிக்கொண்டிருந்த அணிக்குப் புல்தரைப் பயிற்சி மைதானம் வேண்டும் என்று டெர்வால் பிடிவாதம் பிடித்ததை, தானே கூட இருந்து பார்த்த மாதிரி சொல்வார். 1985இல் துருக்கிக் கோப்பை. 1987இல் லீக் பட்டம், 14 வருடக் காத்திருப்புக்குப் பிறகு. வீரர்களை வளர்ந்த மனிதர்களாக நடத்தினார் என்று சலூன்காரர் திரும்பத் திரும்பச் சொல்வார். ஜெர்மனியில் குறையாகச் சொன்ன அதே குணம்தான்!

அவரிடம் பழகியவர்களைப் பாருங்கள். அன்றைய கேப்டன் ஃபாத்தி தெரிம், 2000இல் பயிற்சியாளராக அதே கலாத்தசராய்க்கு யுஇஎஃப்ஏ கோப்பை வாங்கிக் கொடுத்தார். உதவியாளர் முஸ்தஃபா டெனிஸ்லி, டெர்வாலுக்குப் பிறகு பொறுப்பேற்று 1989இல் அணியை ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி வரை கொண்டுபோனார். டெர்வாலின் பெயரை யூரோ 1980ஐ வைத்துச் சொல்வதைவிட இந்த இரண்டு பேரை வைத்துச் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

அரையிறுதிக்குப் பிறகு டெனிஸ்லி வேலைக்கு வந்தது எங்கே தெரியுமா? குருநாதரின் பழைய அணியான அலெமானியா ஆகனுக்கு, இரண்டாம் பிரிவில். இதை சலூன்காரர் சொன்னபோது நான் நம்பவில்லை. மறுநாள் நண்பரிடம் கேட்டேன். அவர் மறுபடி முகத்தைச் சுளித்தார். அந்த 1989-90 பருவத்தில்தான் ஆகன் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது.