ஆப்டேட்டாவைக் காணோம்

அம்மாவின் பழைய லேப்டாப்பில் 63 ஸ்டிக்கி நோட்ஸ் இருந்தன, விண்டோஸில் திரையில் ஒட்டி வைக்கும் மஞ்சள் குறிப்புச் சீட்டுகள். அப்பா போன பிறகு கம்ப்யூட்டர் பழகி, தமிழில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, அம்மா ஒவ்வொன்றாக எழுதி வைத்தவை. படித்ததில் பிடித்த வரி, மாத்திரை மாற்றிய தேதி, அப்பாவிடம் கேட்க நினைத்துக் கேட்காமலே விட்ட கேள்விகள். அம்மாவுக்கு அதுதான் டைரி.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அந்த லேப்டாப்பில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததால் முறைப்படி விண்டோஸ் 11-க்கு ஏற்ற முடியாது. புதிதாக ஒன்று வாங்கினோம். போட்டோ, பாட்டெல்லாம் ஒரே மதியத்தில் பென்டிரைவில் ஏறிவிட்டன. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் நோட்ஸும் தானாக வந்து சேர்ந்திருக்கும். ஆனால் மனசில் இருப்பதை இணையத்தில் ஏற்ற அம்மாவுக்கு இஷ்டமில்லை. அந்த விருப்பத்தை மாற்ற நான் முயலவும் இல்லை. அப்படியானால் ஃபைலைக் கையால்தான் எடுத்து வரவேண்டும்.

அது இருக்குமிடம் கொஞ்சம் ஆழம். சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் அம்மாவின் பெயர், பிறகு ஆப்கள் தங்கள் தகவல்களைப் போட்டு வைக்கும் ஆப்டேட்டா, லோக்கல், பேக்கேஜஸ், ஸ்டிக்கி நோட்ஸுக்கான நீளப் பெயர் கொண்ட ஃபோல்டர், லோக்கல்ஸ்டேட். அங்கேதான் பிளம் என்ற பெயரில் எஸ்க்யூலைட் வகை டேட்டாபேஸ், அதாவது தகவல்களைச் சேர்த்து வைக்கும் ஃபைல், ஒன்று இருக்கும். எல்லா நோட்டும் அதற்குள்தான்.

அம்மாவின் பெயரைத் திறந்தேன். டாக்குமென்ட்ஸ் இருக்கிறது, டவுன்லோட்ஸ் இருக்கிறது, ஆப்டேட்டா இல்லை. அது மறைந்தே இருக்கும் ஃபோல்டர் என்று தெரியும். வியூவில் போய் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதில் டிக் போட்டேன். மங்கலாக வேறு சில எட்டிப்பார்த்தன. ஆப்டேட்டா அப்போதும் இல்லை. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. அப்போதுதான் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது.

இந்த மாதிரி நேரத்தில் தேடினால் கிடைக்கும் யோசனைகளில் ஒன்று, புது யூசர் அக்கவுன்ட் போட்டுவிட்டுப் பழையதை நீக்குவது. தயவுசெய்து அவசரப்பட்டு அதைச் செய்துவிடாதீர்கள். செட்டிங்ஸ் வழியாக ஒரு அக்கவுன்ட்டை நீக்கும்போது அந்த யூசரின் ஃபைல்களும் சேர்ந்தே அழியும். ஃபோல்டர் உண்மையில் எங்கேயும் போகாமல் இருந்தால், அதை நாமே அழித்தவர்களாவோம்.

"என்னடி, முகமே சரியில்லையே?" என்று அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"நோட்ஸ் இருக்கிற ஃபோல்டரையே காணோம்மா."

அம்மா திரையைக் காட்டியது. "இதோ எல்லாம் இருக்கே."

எக்ஸ்புளோரர் ஜன்னலுக்குப் பின்னால் மஞ்சள் நோட்டுகள் வரிசையாகத் திறந்துதான் கிடந்தன. அவற்றைக் காட்டிக்கொண்டிருக்கும் ஃபைல் இல்லாமல் அவை எப்படித் திறந்திருக்க முடியும்? ஃபோல்டர் டிஸ்கில்தான் இருக்கிறது, என் கண்ணுக்குத்தான் படவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

விண்டோஸ் பட்டனையும் ஆர்-ஐயும் சேர்த்து அழுத்தினால் வருகிற சின்னப் பெட்டியில் 'லோக்கல்ஆப்டேட்டா' என்று இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் அடித்து, முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு என்டர் தட்டினேன். நேராக உள்ளே போய் நின்றது. பேக்கேஜஸ், டெம்ப் எல்லாம் அப்படியே இருந்தன. போன உயிர் திரும்பி வந்தது.

ஏன் மறைந்தது என்று தெரியாமல் மேலே போக மனசில்லை. கட்டளைகளை டைப் அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட்டில், ஒரு ஃபோல்டருக்கு என்னென்ன குறி போட்டிருக்கிறது என்று காட்டும் அட்ரிப் கட்டளையை ஆப்டேட்டாவின் மேல் ஓட்டிப் பார்த்தேன். எஸ், ஹெச் என்று இரண்டு எழுத்து வந்தது. ஹெச் என்றால் மறைவானது. ஆப்டேட்டாவுக்கு அது வழக்கம்தான். எஸ் என்றால் சிஸ்டம். இரண்டும் சேர்ந்துவிட்டால் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் மட்டும் போதாது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறைக்கச் சொல்லும் டிக்கையும் எடுத்தாக வேண்டும். எடுத்ததும் டெஸ்க்டாப்பில் 'டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ' என்று இரண்டு மங்கலான ஐகான்கள் முளைக்கும். பயப்பட வேண்டாம்: ஒன்று நம் டெஸ்க்டாப்புக்கு உரியது, இன்னொன்று எல்லா யூசருக்கும் பொதுவான டெஸ்க்டாப்புக்கு உரியது.

அந்த எஸ் எப்படி வந்தது? தம்பிக்கு போன் போட்டேன். "அக்கா, அது நான்தான். இடம் பத்தலன்னு அம்மா ஒரு தடவ கண்ணுல பட்ட ஃபோல்டரையெல்லாம் அழிச்சுக்கிட்டு இருந்தாங்க. கைக்கு எட்டாம இருக்கட்டும்னு போட்டு வெச்சேன்." நல்ல எண்ணத்தில் செய்ததுதான். சொல்லியிருக்கலாம்.

எஸ்-ஐ மட்டும் நீக்கப் பார்த்தால், மறைவான ஃபைலை மாற்ற மாட்டேன் என்று அட்ரிப் மறுக்கும். கழித்தல் எஸ், கழித்தல் ஹெச் இரண்டையும் ஒரே வரியில் கொடுத்து நீக்கிவிட்டு, ஹெச்-ஐ மட்டும் மறுபடி சேர்த்தேன்.

பிளம்மை எடுத்துப் புது லேப்டாப்பில் அதே இடத்தில் வைத்தேன். நோட்ஸ் வந்தன. அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நேத்து எழுதினது இல்லையே" என்றது. எண்ணினேன். 60தான் இருந்தன.

திரும்ப அந்த ஃபோல்டருக்குப் போனபோதுதான் கவனித்தேன். பிளம்முக்குப் பக்கத்தில் அதே பெயரோடு இன்னும் இரண்டு ஃபைல்கள், ஒன்றின் வால் டபிள்யூஏஎல், மற்றதன் வால் எஸ்ஹெச்எம். எஸ்க்யூலைட் இந்த டபிள்யூஏஎல் முறையில் ஓடும்போது புதிதாக எழுதுவதை உடனே முதன்மை ஃபைலில் சேர்ப்பதில்லை. முதலில் டபிள்யூஏஎல்லில் எழுதிவைத்து, பிறகு சமயம் பார்த்து உள்ளே சேர்க்கும். ஸ்டிக்கி நோட்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே ஒரே ஒரு ஃபைலை நான் எடுத்து வந்ததால், கடைசி மூன்று நோட்டும் அந்த இடைக்கிடங்கிலேயே தங்கிவிட்டன. இரண்டு லேப்டாப்பிலும் ஸ்டிக்கி நோட்ஸை மூடிவிட்டு, மூன்று ஃபைல்களையும் சேர்த்து எடுத்து வந்து வைத்தேன்.

63.

நேற்று எழுதியதை அம்மா திறந்து படித்தது. நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன், அது எனக்கு எழுதியதில்லை. பழைய லேப்டாப்பை இப்போதைக்கு ஃபார்மட் செய்வதாக இல்லை. ஆப்டேட்டாவின் அந்த எஸ் குறியைப் பற்றி ஒரு சீட்டில் எழுதி அதன் மூடிக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.