பிரேக் பிடிக்கும்போது அழுத்தம் எந்தப் பக்கம்?

டிப்ளமோ மெக்கானிக்கலில், ஹைட்ராலிக்ஸ் வைவாவில் நான் திணறிய கேள்வி இது: "ரோடு ரோலர் இறக்கத்தில் போகிறது. லீவரை நியூட்ரல் பக்கம் இழுத்தால் வேகம் குறைகிறதே, அந்த ஆற்றல் எங்கே போகிறது?" டிரம், லைனிங் என்று ஏதோ சொன்னேன். அரியர் விழுந்தது.

அப்புறம் சாலை வேலை நடக்கும் இடத்தில் ரோலர் பக்கத்தில் நின்று கவனித்தேன். ஆபரேட்டர் இறக்கத்தில் லீவரை மெல்ல இழுத்தார். வண்டி தளர்ந்தது, எஞ்சின் சத்தமோ ஏறியது. நான் தேடிய பதில் அந்தச் சத்தத்தில்தான் இருந்தது.

ரோலரில் எஞ்சின் பம்பைச் சுழற்றும்; பம்ப் தள்ளும் எண்ணெய் இரண்டு குழாய்களில் சுற்றிவந்து, சக்கரத்தை உருட்டும் ஹைட்ராலிக் மோட்டாரைச் சுழற்றும். லீவரை இழுத்து ஸ்வாஷ் பிளேட்டின் (பம்ப் தள்ளும் எண்ணெயின் அளவைத் தீர்மானிக்கும் சாய்தட்டு) சாய்வு குறைந்ததும் பம்ப் குறைவான எண்ணெயைத்தான் ஏற்கும். வண்டியின் எடையோ சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் மோட்டார் பம்பாகிறது, பம்ப் மோட்டாராகி எஞ்சினைச் சுழற்றுகிறது. எண்ணெய் ஓடும் திசை மாறாது. உயர் அழுத்தம் மட்டும் மறுபக்கக் குழாய்க்கு மாறிவிடும்.

எனவே ஒரே சர்க்யூட்டை ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று என இரண்டு முறை வரையுங்கள். உயர் அழுத்தக் குழாயைச் சிவப்புப் பென்சிலால் தீட்டுங்கள். எனக்குப் பாடம் பிடிபட்டது அப்போதுதான். கணக்கும் அதிலேயே வரும்: மோட்டார் ஒரு சுற்றுக்கு 100 சிசி எண்ணெய் கொள்வது, அழுத்த வித்தியாசம் 200 பார் என்றால், இழப்புகளை விட்டுவிட்டுப் பார்த்தால் முறுக்கு விசை சுமார் 318 நியூட்டன் மீட்டர். இறக்கத்தில் அதுவே பிரேக் முறுக்கு.

டீசல் எஞ்சின் தாங்குவதற்கும் எல்லை உண்டு, மீறினால் ஓவர்ஸ்பீடு. லீவரைச் சட்டென்று இழுத்தால் அழுத்தம் எகிறி ரிலீஃப் வால்வு (மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு) திறக்கும், ஆற்றல் எண்ணெயில் சூடாக இறங்கும். இந்த இரண்டையும் எழுதாமல் விடாதீர்கள்.

எக்ஸ்கவேட்டரின் ஓப்பன் சர்க்யூட்டில் (மோட்டாரிலிருந்து எண்ணெய் பம்புக்குப் போகாமல் டேங்குக்குத் திரும்புவது) இறக்கத்தில் வண்டியைப் பிடிக்கும் வேலையைச் செய்வது கவுன்டர்பேலன்ஸ் வால்வு. வண்டி பம்பை முந்தி ஓடினால் உள்வழி அழுத்தம் விழும், வால்வு திரும்பு வழியை நெருக்கும்.

மறுமுறை வைவாவில் தேர்வாளர் கேட்டது பார்க்கிங் பிரேக் பற்றி. பம்பிலும் மோட்டாரிலும் உள்கசிவு உண்டு; சரிவில் நிறுத்தினால் வண்டி மெல்ல நகரும். அதனால் பார்க்கிங் பிரேக் தேவை: ஸ்பிரிங் பிடிக்கும், எண்ணெய் அழுத்தம் விடுவிக்கும். எஞ்சின் நின்றாலும் பிடி விடாது. "அப்படியானால் பழுதான ரோலரை இழுத்துப் போவது எப்படி?" என்றார். பிரேக்கைக் கையால் விடுவித்து, பம்பின் பைபாஸையும் (எண்ணெய் பம்பைச் சுற்றிப் போகும் வழி) திறக்க வேண்டும் என்றேன். "அதற்கு முன்னால்?" என்றார். உருளைக்குக் கட்டை வைக்க வேண்டும் என்றேன்.